ஐயமும் திருமுழுக்கும்: பண்டித ரமாபாயின் நெடும்பயணம்

பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு என்றொரு சிற்றூர் உண்டு. ‘ரேவு’ என்பது தெலுங்கில் படகுத் துறையைக் குறிக்கும் சொல். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அவ்வெல்லைப் பகுதிக்கு இஃது இயல்பான பெயரே. ஆடவர் ஏரியில் மீனும் இறாலும் பிடிக்கச் செல்கின்றனர்; பெண்டிர் பனையோலையில் பெட்டிகளும் கூடைகளும் முடைகின்றனர். அங்கு ஒரு வீட்டுத் திண்ணையில் மாதந்தோறும் கூடும் ஜெபக் கூட்டத்திற்குச் சில ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். கூட்டத்திற்கு வரும் சகோதரி ஒருவரின் கணவர் திண்ணையில் ஏறாமல், முற்றத்துப் பனைமரத்தடியில் நின்றபடியே பாடல், வாசிப்பு, பிரசங்கம் யாவற்றையும் கேட்பார். நாற்பதைக் கடந்தவர். இளமையில் பகுத்தறிவு நூல்கள் பலவற்றைப் படித்தவர். கூட்டம் முடிந்ததும் பேருந்து நிற்கும் இடம்வரை என்னோடு நடந்து வருவார். வழியெல்லாம் கேள்விகள்.

அவர் என்னிடம் கேட்ட முதற்கேள்வி திரித்துவம் பற்றியதன்று, அரிசி பற்றியது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கரையைத் தாக்கியபின் பல திசைகளிலிருந்தும் உதவிகள் வந்தன. “அரிசியோடு ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தார்கள், ஐயா. பசி, அரிசியை வாங்கிக்கொண்டேன். காகிதத்தைப் படிக்கவில்லை. பசித்தவன் கையில் கொடுத்த காகிதத்தை எப்படி நம்புவது?” என்றார். கொடுத்தவர் யார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை.

அவர் இப்போது லூக்கா நற்செய்தியை முழுவதும் படித்து முடித்திருக்கிறார். “பாதி நம்புகிறேன், ஐயா. பாதி நம்புகிறவனை உங்கள் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?” என்று அண்மையில் கேட்டார். சபை மூப்பர்களோ, உயிர்த்தெழுந்த திருநாளுக்குள் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்துவிடலாமே, இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது என்று என்னை நெருக்குகின்றனர். அவர்களுடைய ஆவலை நான் குறைகூறவில்லை. ஆனால், என் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் இத்தகைய ஆவலினால் நானே ஒரு தவறு செய்ததுண்டு. ஐயங்களோடு வந்த ஓர் இளைஞருக்கு மூன்றே வாரங்களில் வினாவிடை கற்பித்துத் திருமுழுக்குக் கொடுத்தேன். ஓராண்டிற்குள் அவர் சபையை விட்டு அகன்றார். பின்னர் ஒருநாள் என்னைச் சந்தித்தபோது, “என் கேள்விகளுக்கு நீங்கள் விடை சொல்லவில்லை, நான் கேட்பதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்” என்றார். சினமின்றித்தான் சொன்னார். அச்சொற்கள் இன்றும் என்னை விடவில்லை.

ஆகவே இப்பொருளை நம் ஆயர்களும் மாணவரும் சற்று ஆழ்ந்து நோக்கவேண்டும் என்று கருதுகிறேன். வயது வந்தபின், அறிவோடும் ஐயத்தோடும் கிறிஸ்துவை நோக்கி மெல்ல நடந்து வரும் ஒருவரை நாம் எவ்வாறு புரிந்துகொள்வது?

நம்மிடையே மனமாற்றம் என்றவுடன் தமஸ்கு வழியே நினைவுக்கு வருகிறது. ஒளி தோன்றுகிறது, சவுல் தரையில் விழுகிறார், மூன்றாம் நாளில் பார்வையும் திருமுழுக்கும் பெறுகிறார். சாட்சிக் கூட்டங்களில் நாளும் நேரமும் குறிப்பிட்டுச் சொல்பவரையே நாம் பெரிதும் மதிக்கிறோம். ஆனால் மாற்கு எட்டாம் அதிகாரத்தில் மீன்பிடி ஊராகிய பெத்சாயிதாவில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஆண்டவர் ஒரு குருடனை ஊருக்கு வெளியே அழைத்துச் சென்று கை வைக்கிறார். அவனுக்குப் பார்வை வருகிறது, ஆனால் தெளிவாக வரவில்லை. நடமாடும் மனிதர் அவன் கண்ணுக்கு மரங்களாகத் தெரிகின்றனர். ஆண்டவர் மறுபடியும் கை வைக்கிறார். அரைகுறையாகத் தெரிகிறது என்று உண்மையைச் சொன்னவனை அவர் கடிந்துகொள்ளவில்லை. முதல் தொடுதலுக்கும் இரண்டாம் தொடுதலுக்கும் நடுவே நிற்பவர்களே இக்கட்டுரையின் பொருள்.

வில்லியம் ஜேம்ஸ் 1902-இல் வெளியிட்ட சமய அனுபவங்கள் பற்றிய சொற்பொழிவுகளில், திடீரென நிகழும் மாற்றத்தோடு, சிறிது சிறிதாகப் புதிய பழக்கங்களும் எண்ணங்களும் கட்டப்பட்டு உருவாகும் மாற்றத்தையும் ஏற்றுக்கொண்டு பேசுகிறார். உளவியலார் இதற்குச் சான்று தருவது நல்லதே. எனினும் நம் நாட்டிலேயே இதற்கு அரியதோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அவர்தாம் பண்டித ரமாபாய்.

பட்டினியும் சாஸ்திரமும்

ரமாபாய் 1858 ஏப்ரல் 23 அன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில், இன்றைய கர்நாடக மாநிலப் பகுதியில் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே வைணவப் பற்று மிக்க சம்ஸ்கிருதப் பண்டிதர். பெண்களுக்கு வடமொழி கற்பிக்கலாகாது என்ற வழக்கத்தை மீறி மனைவி லட்சுமிபாய்க்குக் கற்பித்தார். அத்தாயே மகளுக்கும் ஆசிரியையானார். குடும்பம் தலந்தோறும் நடந்து சென்று, கோயில்களிலும் ஆற்றங்கரைகளிலும் புராணம் வாசித்து, கேட்டோர் கொடுத்ததைப் பெற்று வாழ்ந்தது. பெற்றதில் பெரும்பகுதியைத் தானமாகவும் பூசைக்காகவும் செலவிட்டது.

கையிருப்புத் தீர்ந்தது. 1874-இல் அவர்கள் சென்னை மாகாணத்தில் பட்டினியில் சிக்கினர். கல்வி கற்ற குடும்பமாதலால் கூலி வேலைக்குப் பழக்கமில்லை. பிச்சையெடுக்க மானம் இடங்கொடுக்கவில்லை. தெய்வம் கண் திறக்கும் என்று நோன்பும் செபமும் தீர்த்தமாடலுமாக நாட்களைக் கழித்தனர். திருப்பதியை அடுத்த காட்டில் தண்ணீரும் இலைகளும் காட்டுப் பழங்களுமே உணவாயின. முதிர்ந்த தந்தையார் இறக்குந் தறுவாயில் இளைய மகளை அணைத்துக்கொண்டு, அவளைக் கடவுளின் கையில் ஒப்படைத்துவிட்டதாகவும், வாழ்நாளெல்லாம் அவள் அவருக்கே பணிசெய்யவேண்டும் என்றும் கூறினார். சில மாதங்களுக்குள் தாயும் மடிந்தார். உடலைச் சுமக்கப் போதிய ஆளில்லாமையால், பாடை தூக்கியவர்களுள் பதினாறு வயதுடைய ரமாபாயும் ஒருவரானார். அடுத்துத் தமக்கையும் இறந்தார். எஞ்சியவர் ரமாபாயும் அண்ணன் சீனிவாசனும் மட்டுமே.

இங்கேதான் அவருடைய ஐயம் வேர்விட்டது. 1907-இல் தாம் எழுதிய சாட்சியில் அவர் இதை மறைக்காமல் சொல்கிறார். சாஸ்திரம் விதித்த யாவற்றையும் தங்களால் இயன்றவரை செய்தும் தேவர்கள் இரங்கவில்லை. ஆகவே குறை தங்களிடமா விதியிடமா என்ற கேள்வி எழுந்தது. நூல்களை மட்டும் படித்துப் பிறந்த ஐயமன்று அது. பட்டினியும் பாடையும் அதற்குள் இருந்தன. தோணிரேவு நண்பரின் கேள்வியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இத்தகைய ஐயத்தை அறிவின் அகந்தை என்று பிரசங்க பீடத்திலிருந்து ஒதுக்குவது எளிது, அது நியாயமாகாது.

அண்ணனும் தங்கையும் பல்லாயிரம் கல் தொலைவு பெரும்பாலும் நடந்தே 1878-இல் கல்கத்தா சேர்ந்தனர். அவ்வூர் அறிஞர்கள் ரமாபாயின் புலமையைச் சோதித்து வியந்து ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்ற பட்டங்களை அளித்தனர். அங்கு ஒரு கிறிஸ்தவக் கூட்டத்திற்கு அவர்கள் அழைக்கப்பட்டதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது. ஜெபவேளையில் அனைவரும் நாற்காலிகளுக்கு முன் முழங்காற்படியிட்டனராம். இவர்கள் நாற்காலியை வணங்குகிறார்கள் போலும் என்று இருவரும் எண்ணிக்கொண்டனர்! சம்ஸ்கிருத விவிலியம் ஒன்றும் கையில் கொடுக்கப்பட்டது. அதன் நடை அவர்கள் கற்ற நூல்களின் நடையோடு ஒத்துவராமையால், இருபெரும் வடமொழி வல்லுநர்களுக்கு அது விளங்கவில்லை. நாம் கொடுக்கும் புத்தகங்களும் நாம் நடத்தும் ஆராதனையும் புதிதாக வருபவர் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுகின்றன என்பதை ஆயர் ஒருவர் ஆண்டுக்கொரு முறையேனும் எண்ணிப் பார்க்கலாம்.

கேசவ சந்திர சென் அவரை வேதங்களைப் படிக்கத் தூண்டினார். ரமாபாய் தரும சாஸ்திரங்களையும் ஆராய்ந்தார். ஆயிரம் செய்திகளில் தம்முள் முரண்படும் அந்நூல்கள், பெண்களையும் சூத்திரரையும் தாழ்த்துவதில் மட்டும் ஒன்றுபடுவதைக் கண்டதாக அவர் எழுதுகிறார். இப்போது ஐயம் அறநெறி பற்றியதாயிற்று. 1880-இல் அண்ணன் மறைந்தார். அவ்வாண்டே பிபின் பிஹாரி தாஸ் மேதாவி என்ற வங்காள வழக்கறிஞரைச் சாதி கடந்து பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அஸ்ஸாமிலுள்ள சில்சரில் கணவரின் நூலகத்தில் வங்காள மொழியில் லூக்கா நற்செய்தி ஒன்று கிடந்தது. எப்படி வந்ததென்று அவருக்கே தெரியாது. அதைப் படித்தார். ஐசக் ஆலன் என்ற பாப்திஸ்து ஊழியர் வீட்டிற்கு வந்து ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றை விளக்கியபோது, எந்த இதிகாசத்திலும் புராணத்திலும் காணாத புதுமை அதில் இருப்பதாக உணர்ந்தார். கணவருக்கு அது பிடிக்கவில்லை. 1882 பெப்ரவரியில் கணவர் காலராவால் இறந்தார். கையில் பத்து மாதப் பெண்குழந்தை மனோரமா. தாய்க்கு வயது இருபத்து நான்கு நிறையவில்லை.

நூலும் வீடும்

பூனாவிற்குத் திரும்பிய ரமாபாய் பெண்கள் சங்கம் அமைத்தார். கல்விக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். மருத்துவம் கற்க இங்கிலாந்து செல்லத் துணிந்தார். கிறிஸ்தவராகும் எண்ணம் தமக்கில்லை என்று நண்பர்களுக்கு உறுதி கூறியே 1883-இல் புறப்பட்டார். வான்டேஜ் நகரிலிருந்த ஆங்கிலிக்கக் கன்னியர் இல்லம் அவரை ஏற்றது. காதுக் குறைபாட்டினால் மருத்துவக் கல்வி கைகூடவில்லை.

அங்கே இரண்டு ஆறுகள் வந்து கலந்தன என்று சொல்லலாம். ஒன்று நூல்வழி வந்தது: காசியில் வளர்ந்த சித்பவன் பிராமணராகவும் இளமையில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதியவராகவும் இருந்து, 1848-இல் திருமுழுக்குப் பெற்ற நெகேமியா கோரே அடிகளின் எழுத்துக்கள். தாம் கற்ற தரிசனங்களைத் தம்மைப் போலவே கற்றுக் கடந்த ஒருவரிடமிருந்து விடை கிடைத்தபோதுதான் அவருடைய அறிவு அமைதியடைந்தது. மற்றொன்று ஒரு வீடு. இலண்டனைச் சேர்ந்த புல்ஹாம் பகுதியில், வாழ்க்கை தவறிய பெண்களுக்கென்று கன்னியர் நடத்திய இல்லத்தைக் காண அவர் அனுப்பப்பட்டார். சாஸ்திரம் கைவிட்ட, ஊர் கல்லெறியும் பெண்களிடம் இவர்கள் ஏன் அன்பு காட்டுகின்றனர் என்று கேட்டார். ஒரு சகோதரி யோவான் நான்காம் அதிகாரத்தில் சமாரியப் பெண்ணின் வரலாற்றைப் படித்துக் காட்டினார். பெண்ணை இழிவுபடுத்துவதில் நூல்கள் ஒன்றுபடுகின்றன என்ற ஐயத்திற்கு ஒரு நூல்மட்டும் விடையாகியிராது. நூலும் அந்நூலின்படி நடக்கும் வீடும் ஒருங்கே தேவைப்பட்டன.

1883 செப்டம்பர் 29 அன்று ரமாபாயும் மனோரமாவும் வான்டேஜில் திருமுழுக்குப் பெற்றனர். வழக்கமான சாட்சி நூலாயின் இங்கே கதை முடிந்திருக்கும்.

முடியவில்லை. திருமுழுக்குப் பெற்றபின் அவருடைய கேள்விகள் மிகுந்தன. செல்ட்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் இருந்த ஆண்டுகளில் கிறிஸ்துவின் தெய்வத்தன்மை, திரித்துவம், அத்தனாசியு விசுவாசப் பிரமாணம், ஆயர்களின் அதிகாரம் ஆகியவை பற்றித் தம் ஞானத்தாயாகிய ஜெரால்டின் சகோதரியோடும், கல்லூரித் தலைவி டொரத்தியா பீலோடும் கடிதங்களில் இடைவிடாது வாதிட்டார். மனச்சான்றை ஒரு புரோகிதர் கூட்டத்திடமிருந்து மீட்டு இன்னொரு புரோகிதர் கூட்டத்திடம் ஒப்படைக்க விரும்பவில்லை என்பதே அவருடைய நிலை. சைவ உணவை விடவில்லை. சிலுவையில் இலத்தீன் வாசகம் எதற்கு, நம் சம்ஸ்கிருதத்தில் இருந்தாலென்ன என்றார். அக்கடிதங்கள் 1977-இல் நூலாக அச்சேறின. இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கவேண்டியவை அவை. ஜெரால்டின் சகோதரி அன்புள்ளவர், அதில் ஐயமில்லை. ஆனால் கேள்வியைக் கேள்வியாகக் கொள்ளாமல் தற்பெருமையின் அடையாளமாகக் கண்டு வருந்தினார். பீல் அம்மையாரோ வாதத்திற்கு வாதமாகவே விடையளித்தார். ரமாபாய் திருச்சபையை விட்டு விலகாதிருந்ததற்கு, கேள்வி கேட்க இடம்கொடுத்த அத்தகையோர் காரணம் என்றே நான் எண்ணுகிறேன்.

திருமுழுக்கிற்கு எட்டாண்டுகளுக்குப் பின்னர், 1891-இல், அவர் வில்லியம் ஹாஸ்லம் என்ற ஆங்கிலிக்க குருவின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தார். ஹாஸ்லம் 1851-இல் கார்ன்வாலில் தாம் பிரசங்கம் செய்துகொண்டிருக்கையில், தம் பிரசங்கத்தாலேயே மனமாற்றம் அடைந்தவர் என்று பெயர்பெற்றவர். (பிரசங்கிகளாகிய நமக்கு இது சிரிப்பிற்குரியதா, நடுக்கத்திற்குரியதா என்று தெரியவில்லை.) அதைப் படித்தபோது ரமாபாய்க்குத் தம் நிலை விளங்கிற்று. தாம் கண்டடைந்தது கிறிஸ்தவ சமயம். அச்சமயத்தின் உயிராகிய கிறிஸ்துவை இன்னும் கண்டடையவில்லை என்று உணர்ந்தார். நிபந்தனையின்றித் தம்மை அவரிடம் ஒப்படைத்தார். சில்சரில் லூக்காவைப் படித்த நாள்முதல் எண்ணினால் இப்பயணம் ஏறத்தாழப் பத்தாண்டு. காட்டில் தந்தை இறந்த நாளிலிருந்து எண்ணினால் பதினேழாண்டு.

இதில் திருமுழுக்கு எங்கே நிற்கிறது? நடுவில். 1883-இல் பெற்ற திருமுழுக்குச் செல்லாதது என்று சொல்ல நான் துணியமாட்டேன். நம் சபையின் போதனையும் அதற்கு இடந்தராது. அருள் மனித உணர்விற்கு முந்திச் செல்கிறது என்பதே திருமுழுக்கின் பொருள். எனினும் அதை ஐயங்களின் இறுதிச்சடங்காக நாம் கருதினால், ரமாபாய் போன்றவரை அன்றே இழந்திருப்போம்.

இனி, அரிசிக் கேள்விக்கு வருவோம். ரமாபாய் 1889-இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனத்தைத் தொடங்கியபோது, அங்கே சமயப் போதனை இராது என்று உறுதியளித்தார். அதேவேளை தம் விசுவாசத்தை மறைக்கவும் இல்லை. தம் அறையின் கதவைத் திறந்துவைத்தே ஜெபித்தார். விரும்பிய பெண்கள் வந்து அமர்ந்தனர். இதனால் எழுந்த பூசலில், 1893-இல் ரானடே, பண்டார்க்கர் முதலிய பெரியோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பின்னர் 1896-97 பஞ்சத்தில், தம் குடும்பம் மடிந்ததை நினைத்து, பட்டினியில் வாடிய பெண்களைத் தேடிச் சென்று கூட்டிவந்து கேட்காவில் அடைக்கலம் தந்தார். அது முக்தி இல்லமாக வளர்ந்தது. அங்கே நற்செய்தியும் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அவருடைய தொண்டை நான் பெரிதும் போற்றுகிறேன். ஆனால் பசித்தவரும் ஆதரவற்றவரும் விசுவாசத்தை ஏற்கையில் அவர்களுடைய சம்மதம் எவ்வளவு விடுதலையுடையது என்று அக்கால எதிர்ப்பாளர் கேட்ட கேள்வியைப் பகைமை என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. ரமாபாயே தம்மை எவரும் சோற்றைக் காட்டி இழுக்க இடங்கொடாதவர் அல்லவா? தோணிரேவு நண்பரிடம் இதையே சொன்னேன்: “அரிசி உங்களுக்கு உரியது, காகிதம் காத்திருக்கவேண்டியது. அதைச் சேர்த்துக் கொடுத்தது எங்கள் பிழை.” அவர் வெகுநேரம் பேசாமல் நடந்தார். அடுத்த மாதம்தான் லூக்கா நற்செய்தியைக் கேட்டு வாங்கினார்.

நம் நாட்டுப் புலவர்

ரமாபாய் பிறப்பதற்கு ஐந்து நாள் முன்னர், 1858 ஏப்ரல் 18 அன்று, சென்னை மயிலாப்பூரில் ஒரு வைணவத் தமிழ்ப் புலவர் திருமுழுக்குப் பெற்றார். அவர் திருநெல்வேலிச் சீமையின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. அவர் நாத்திகர் அல்லர். கிறிஸ்தவத்தை ஐயுற்ற பத்தர். 1853-இல் சாயர்புரம் கல்விச்சாலையில் தமிழாசிரியராக அமர்ந்தபோதும் தம் சமயத்தில் உறுதியாகவே இருந்தார். ஐந்தாண்டுகள் கிறிஸ்தவர் நடுவே வாழ்ந்தும் மிஷன் வளாகம் அவரை அசைத்ததாகத் தெரியவில்லை. தம்பி முத்தையா பிள்ளையும் இளமை நண்பர் தனக்கோடி ராஜுவும் தமக்கு முன்னே அவ்வழியில் சென்றதும், அவர்களோடு நிகழ்ந்த உரையாடல்களும், அவர்கள் மூலம் வந்த நூல்களுமே அவரை அசைத்தன. இரட்சணிய யாத்திரிகம் 1894-இல்தான் நூலாக வெளிவந்தது; திருமுழுக்கிற்கு முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து. தந்தையிடம் கேட்ட கம்பனின் நடையும் ஆழ்வார்களின் உருக்கமும் அக்காப்பியத்தில் கிறிஸ்துவின் பாதத்தில் வந்து அமைந்தன. பழையதை வெட்டியெறியாமல் மெல்ல வந்தவர் கொண்டுவந்த காணிக்கை அது. கிருஷ்ண பிள்ளைக்குத் தம்பியும் நண்பரும், ரமாபாய்க்குக் கோரே அடிகள்: இருவருக்கும் தத்தம் மொழியில், தத்தம் ஐயங்களை முன்னரே கடந்த ஒருவர் தேவைப்பட்டார்.

இத்தாமதத்தை ஆதித் திருச்சபை அறிந்தேயிருந்தது. ஹிப்போலித்துவின் பெயரால் வழங்கும் அப்போஸ்தல மரபு என்னும் நூல், திருமுழுக்குக்கு ஆயத்தமாகிறவர் மூன்றாண்டு வசனம் கேட்கவேண்டும் என்று விதிக்கிறது. ஊக்கமுள்ளவராயின் காலத்தையன்று, நடத்தையையே பார்க்கவேண்டும் என்றும் சொல்கிறது. குழந்தைப் பருவத்திலேயே பயிற்சி பெறுவோர் பட்டியலில் சேர்க்கப்பட்ட அகுஸ்தீன், மானிகேயரிடம் சென்று, பின் எதையும் உறுதியாக அறியமுடியாது என்ற ஐயவாதிகள்பால் சாய்ந்து, 387-இல் மிலான் நகரில் அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. அகுஸ்தீன் பலமுறை அம்புரோசின் அறைக்குச் சென்று, அவர் ஓசையின்றிப் படித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, சற்று அமர்ந்திருந்து ஒன்றும் கேளாமலே திரும்புவாராம். அம்புரோசு அவரைத் துரத்திப் பிடிக்கவில்லை, கதவையும் மூடவில்லை.

பழவேற்காட்டிற்கே உரிய ஒரு முன்னோடியும் உண்டு. 1632 முதல் 1642 வரை அங்கிருந்த டச்சுக் குடியிருப்பில் ஆயராகப் பணியாற்றிய ஆபிரகாம் ரொஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் நம் நாட்டுச் சமயத்தையும் ஒழுக்கங்களையும் பொறுமையாகக் கேட்டறிந்து ஒரு நூல் எழுதினார். ஆசிரியர் மறைந்தபின் 1651-இல் லெய்டனில் அது வெளிவந்தது. தலைப்பில் அக்கால இறுமாப்பு இல்லாமலில்லை. ஆயினும், கற்பிக்க வந்த ஆயர் மாணவராக அமர்ந்து கேட்டார் என்பதற்காக அவரை நினைக்கிறேன்.

பாதி நம்புகிறவரை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்ற கேள்விக்கு நான் கொடுத்த விடை இதுவே: பயிற்சி பெறுவோர் என்று ஒரு பக்கம் நம் முன்னோர் வைத்திருந்தார்கள், நாம்தான் அதை வெறுமையாக விட்டுவிட்டோம். அவர் சம்மதித்தால் அவர் பெயரை அதில் எழுதுவேன். நாள் குறிக்கமாட்டேன். மூப்பர்களிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் இன்னும் இணங்கவில்லை. கூட்டத்தில் அவர் என்னிடம், “நாளை நடக்கப்போவது யாருக்குத் தெரியும், ஐயரே? ஏரியில் போகிறவன் அல்லவா?” என்றார். அதன் கனத்தை நான் உணராமலில்லை. ஆண்டவர் முதல் தொடுதலோடு எவரையும் விட்டுவிடுபவரல்லர் என்று மட்டும் சொன்னேன்.

தோணிரேவு நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஏரியைச் சுட்டிக் காட்டினார். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ள, நீர் கடுமையாக உவர்க்கும். வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் வந்து சேர, உவர்ப்புக் குறையும். “எந்த நாளில் தண்ணீர் மாறியது என்று கேட்டால் எங்களால் சொல்ல முடியாது, ஐயா. வலையில் விழும் மீனைப் பார்த்துத்தான் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்வோம்” என்றார். பிறகு, லூக்கா முடிந்துவிட்டது, யோவான் வேண்டும் என்றார். பையிலிருந்ததைக் கொடுத்தேன். அங்கேயே சில பக்கங்களைப் புரட்டி, மூன்றாம் அதிகாரத்தில் விரலை வைத்து, “இந்தப் பெரிய மனிதர் ஏன் இரவில் வந்தார்? அடுத்த மாதம் இதைத்தான் கேட்பேன்” என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டு துறையை நோக்கி நடந்தார்.